மாடசாமி அண்ணனின் இடது கால்

மில் வேனில் கூட வருகிறவர்களே, முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாடசாமி அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, அன்று அவர் வராததால் காலியாக இருந்த அவருடைய ஜன்னலோர சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் தட்டி எழுப்பி, "அண்ணனுக்கு ஹார்ட் நின்னுபோச்சாம்" என்றார். "காலு நின்னுச்சா, அதச் சொல்லுலே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் சேரும் வரை அண்ணன் தூங்குவார். இடது கால் உதறும், செத்த நேரம் நிற்கும், மறுபடி உதறும். "முழிச்சிருக்கையில மில்லுக்கு ஓடுதேன், தூங்குனா காலு தனியா ஓடுது" என்பார். ஒருநாள் கழிவு நூலால் அவருடைய கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். இறங்கும்போது படியில் விழுந்தார். முட்டியில் ரத்தம். "பொணத்துக்குக் கட்டுற கட்ட இப்பவே கட்டிப் பாக்கியாலே?" என்றார். வேனே சிரித்தது, அவரையும் சேர்த்து.

மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை என்று டாக்டரிடம் போனார். தூக்கம் எப்படி என்று கேட்ட டாக்டர், தூங்கும்போது பார்த்தவர்களைக் கூட்டிவரச் சொன்னாராம். மனைவி இறந்தபின் அண்ணன் தனியாக இருந்தவர். "என் தூக்கத்த பாத்தவன் நீ ஒருத்தன்தாம்லே. வந்து உள்ளதச் சொல்லு" என்று என்னை அழைத்தார்.

எப்படி உதறும் என்று டாக்டர் கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்து, குறட்டை விட்டு, மேஜையை உதைத்துக் காட்டினேன். நர்ஸ் சிரித்து மாத்திரைத் தட்டைக் கீழே போட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு உதறலுக்கும் பிரஷர் ஏறி இறங்கலாம். இவர் இதயத்துக்கு அது நல்லதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்கவைத்து, வயர் மாட்டிப் பார்க்கணும்" என்று சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் அண்ணன் சீட்டை நாலாக மடித்தார். "வேன்ல சிரிச்சது பத்தாதா, மதுரையில வேற சிரிக்கணுமா?" என்றார். போகவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. மறுநாள் வேனில் அதே நடிப்பை இன்னொரு முறை நடத்தினேன். போயிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. போகாததற்குக் காரணம் நான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஜன்னலோர சீட்டு. அதில் உட்கார்ந்தால் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இழவு வீட்டில் கால் கட்ட ஆள் கேட்டார்கள். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். துணியைக் கிழித்துக் கட்டினேன். வேனில் போட்ட அதே முடிச்சுதான். பாடையைத் தூக்கியதும் அவிழ்ந்து, இடது கால் வெளியே சரிந்தது. அவருடைய தம்பி வந்து வேறு முடிச்சு போட்டார்.