போலீஸ்காரருக்காக எழுந்து நின்றவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்த்ததும் சிதம்பரம் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார். "யூசுப் பாய் மவுத்தாயிட்டாருங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும்படியாக நானும் நடந்துகொள்ளவில்லை.

எங்கள் படிப்பகத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். படிப்பகத் தலைவரையே டிக்கெட் இல்லையென்று புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்ட மகராசன். "வண்டியில எனக்குத் தலைவரும் கெடையாது, தொண்டரும் கெடையாது மச்சான்" என்று என்னிடம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளை உரக்கப் படிப்போம். உலகில் எந்த அரசாங்கம் ஜனங்களைச் சுட்டாலும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். செயலாளரான நான் கைக்கடிகாரம் பார்ப்பேன். ஒருமுறை ஆப்பிரிக்காவில் விடுதலைப் படையினர் சந்தையில் வைத்த குண்டில் காய்கறி விற்கும் பெண்கள் இறந்த செய்தி வந்திருந்தது. படிக்காமல் பக்கத்தைப் புரட்டினேன். "அவுங்களுக்கு நிக்க மாட்டமா?" என்றார் பாய். "போராட்டம்னா அப்படித்தான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது!

அறுபத்தைந்தில் மொழிப் போராட்டம். போலீஸ் சுட்டு மாணவர் இறந்தபோது அழுதுகொண்டே நின்றோம். பாயும் அழுதார். அதே வாரம் கூட்டத்தின் கல்லடியில் ஒரு போலீஸ்காரர் இறந்தார், கம்மாபுரம் பக்கத்துக்காரர். அடுத்த ஞாயிறு அவருக்காகப் பாய் மட்டும் எழுந்து நின்றார். "போலீஸ் கைக்கூலி!" என்று யாரோ கத்தினார்கள். பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு நிமிடம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனவர், அப்புறம் வரவேயில்லை.

அறுபத்தேழில் நாங்கள் யாருக்காக ஓட்டுக் கேட்டோமோ அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். பிறகு ஒரு வேலைநிறுத்தத்தில் அதே போலீஸ் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. "நம்ம ஆட்சிக்குக் கெட்ட பேரு வரக்கூடாது" என்றார் தலைவர். ஒருவரும் எழவில்லை, நானும்தான். வெட்கமாக இருந்தது. பாயிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளை ஓட்டிவிட்டேன்.

செய்தி வந்த மறுநாள் சிதம்பரத்தில் பாயின் வீட்டுக்குப் போனேன். கடலூர் படிப்பகத்துச் செயலாளர் என்று பாயின் மகன் என்னை அங்கிருந்தவர்களிடம் சொன்னதும், ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் கிட்டே வந்து கும்பிட்டாள். கல்லடியில் இறந்த அந்தப் போலீஸ்காரரின் மனைவி என்றார் மகன்.

"எங்க ஊட்டுக்காரரு செத்தப்ப, வெளியாளுன்னு துக்கம் கேக்க வந்தது பாய் ஒருத்தருதாங்க. 'உன் புருஷனுக்காகப் படிப்பகமே எந்திரிச்சு நின்னுச்சும்மா'ன்னாரு. அதச் சொல்லித்தாங்க புள்ளைங்கள வளக்குறேன்."

டிக்கெட்டில் ஒரு சின்னப் பொய்யைக்கூடப் பொறுக்காத மனுஷர், எங்கள் எல்லார் பேரிலும் இதைச் சொல்லியிருக்கிறார்.

"நீங்களும் நின்னீங்களா?" என்று கேட்டாள்.

நின்றேன் என்றேன். யூசுப் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அவர் அவளுடைய துக்கத்துக்காகச் சொன்னார். நான் என் மானத்துக்காகச் சொன்னேன்.