பதினேழு வாசலில் இறங்கியவர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், மூத்த மகள், மாவரிக்கும் அரிதட்டைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம். பிரான்சிலிருந்து பேசியவர் குணம் அண்ணன்.

"மச்சான், யோகம் போயிட்டா" என்றார்.

"எங்க?" என்று கேட்டார் என் கணவர். நோயோடு ஏழு மாதம் படுக்கையில் கிடந்த சொந்தத் தங்கையைப் பற்றித்தான் அப்படிக் கேட்டார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யோகம் எந்த நாளும் எங்காவது சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர். அந்த நினைப்பில் வாய் முந்திவிட்டது.

யோகம் எனக்கு மச்சாள். செட்டிபாளையத்தில் பிறந்து முப்பத்திரண்டு வயதில் கணவர் குணத்தோடு பிரான்ஸ் போனவர். ஊருக்கு வந்தபோதெல்லாம் நமது வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவில் நம்மோடு தரையில் உட்கார்ந்து பஜனை பாடியவர். இந்த நினைவு மலரில் எழுதும்படி என்னைக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மீதியைக் கோயில் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் எழுத்துக்கூட்டிக் கற்றவள். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் என்றால் நாம் பாரிஸ் என்று நினைப்போம். அவர் இருந்தது தோர்தோன் என்ற ஆற்றின் கரையில் ஒரு சின்னக் கிராமம். குணம் அண்ணனுக்கு அங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. யோகத்துக்கு ஆற்றின் மறுகரையில் முதியோர் இல்லத்தில் வேலை. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஆகவே முதல் மாதமே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். "எழுவான்கரையில வீடு, படுவான்கரையில வேலை. என்ன கா வித்தியாசம்?" என்பார். நம் வாவியின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் அந்த ஆற்றுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வேலைக்குப் போகும் வழியில் எனக்குக் குரலில் செய்தி அனுப்புவார். மூச்சு வாங்குவதும் சங்கிலி சுற்றும் சத்தமும் கூடவே கேட்கும். "ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் வெள்ளைக் கல்லு மலை, நடுவில ரோட்டு. ரோட்டோரம் முழுக்க வால்நட் மரம். விழுந்து கிடக்கிற காயில டயர் ஏறினா டப்பெண்டு வெடிக்கும், மச்சாள். வேணுமெண்டுதான் ஏத்துறன்."

அந்தக் கிராமத்தில் பெர்னார் என்று ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயச் சைக்கிளில் ஆற்றோரமாக நெடுந்தூரம் ஓடும் பதினான்கு பேருக்கு அவர்தான் தலைவர். இரண்டு பை சாமானோடு யோகம் இறங்காமல் மேடேறுவதைப் பார்த்துவிட்டு, எங்கே பழகினாய் என்று கேட்டாராம். "வட்டைக்குச் சோறு கொண்டுபோய்ப் பழகினது. வயல் வழி முழுக்க மணல். அதில மிதிச்சவளுக்கு இந்த மேடு பெரிசில்ல" என்றாராம் இவர். அடுத்த ஞாயிறு அவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை. நான் உடனே அழைத்தேன்.

"ஐம்பது வயசில என்ன கா இந்தக் கோலம்? அண்ணன் பாத்தா என்ன சொல்லுவார்?"

"அண்ணன் பாத்திட்டார். சைக்கிள் நல்லாயிருக்காம்."

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. கோயிலுக்குப் போய் வருகிற வீட்டுக்கு இது வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு வந்த படங்களில் ஆறு இருந்தது, பாலம் இருந்தது, சூரியகாந்தித் தோட்டம் இருந்தது. யோகம் இல்லை.

எங்கள் பக்கத்தில் கோயில் வாசலைச் சைக்கிளில் இருந்தபடி கடப்பதில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, நாலடி உருட்டிக்கொண்டு போய்த்தான் ஏறுவோம். பந்தயச் சைக்கிள்காரர்கள் ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒருவர், ஒரு சாண் இடைவெளியில் வேகமாகப் போகிறவர்கள். இந்த இரண்டும் ஒரு ரோட்டில் சந்தித்ததை யோகம் சொல்லக் கேட்க வேண்டும்.

"பாலத்தடியில கல்லுச் சிலுவை ஒண்டு, மச்சாள். கண்டதும் கை தானாப் பிரேக்கைப் புடிச்சிட்டு. இறங்கிக் கும்பிட்டன். கண்ணைத் திறந்து பாத்தா, ரோட்டில ஆறு பேர் கிடக்கிறாங்க."

"ஐயோ கடவுளே! பிறகு?"

"பிறகென்ன. திரும்பவும் கும்பிட்டன்."

பெர்னாருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கிழமை முழுவதும் தான் அழுததையும், சைக்கிளைக் கொட்டிலில் போட்டுப் பூட்டியதையும் சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார். சனிக்கிழமை பெர்னார் கையில் கட்டோடு வந்தாராம். வராதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று யோகம் நினைத்தார்.

"உங்கட ஊரில எல்லாரும் இப்பிடி இறங்குறதா?" என்று கேட்டாராம்.

"ஓம். குடிச்சுப்போட்டு வாறவனும் இறங்குவான். அவன் திரும்ப ஏறுறதுதான் கஷ்டம்."

கை நோக நோகச் சிரித்துவிட்டு அவர் சொன்னதை யோகம் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்: "எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. உனக்கு இருக்கு. அதுக்காக ஒவ்வொரு கிழமையும் நான் விழ ஏலாது. நாளையில இருந்து நீ கடைசியா வா. இறங்கு, கும்பிடு. நாங்க அடுத்த வளைவில நிக்கிறம்."

நின்றார்கள். எட்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் நின்றார்கள். கை முறிந்த மனிதர் விட்டுக்கொடுத்தார். ஒரு காற்சட்டைக்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது, வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்று பிடிவாதமாக நின்றார். செட்டிபாளையத்திலிருந்து வடக்கே போய், மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குக் கடந்து, அந்தக் கரையால் தெற்கே இறங்கி, பட்டிருப்புப் பாலத்தால் திரும்பி வருவது. நான் சைக்கிள் மிதித்து இருபது வருடம் ஆகியிருந்தது.

"சனம் சிரிக்கும் கா."

"சிரிக்கட்டும். விடியக்காலையில சிரிக்கிறது உடம்புக்கு நல்லது."

மகளின் சைக்கிளில் ஏறினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டது யோகம்தான். பாலம் வரைக்கும் ஐந்து கோயில் வாசல். ஐந்திலும் இருவரும் இறங்கினோம். சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் எனக்கு வயது குறைந்தது.

பாலத்தின் தொடக்கத்தில் கலியாண வீட்டு வான் வண்டி ஒன்று எங்களைக் கடந்தது. உள்ளிருந்து நமது குழுவில் ஒருவர் தலையை நீட்டி, "என்ன சரசு அக்கா, ரேசுக்குப் போறியளோ?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார், கேட்டதை அவர் அன்றைக்கே மறந்திருப்பார், அவர் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். என் கால் நின்றுவிட்டது. "அடுப்பில வேலை கிடக்கு யோகம், நீ போயிட்டு வா" என்று சொல்லி வீட்டுப் பக்கம் கிறுகிவிட்டேன். ஐந்து வாசலில் கும்பிட்டு வந்த வாயால் பொய் சொன்னேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார், தலையாட்டினார், பாலத்தில் ஏறிப் போய்விட்டார். மத்தியானத்துக்கு முன் முழுச் சுற்றையும் முடித்து வந்து, இறங்கிய கோயில்களை ஒன்று விடாமல் சொன்னார். எங்கள் வீட்டில் மழை பெய்த நாளும் நேர்த்தி வைத்த நாளும் கொப்பியில் எழுதுகிறவள் நான். அதையும் எழுதினேன். யோகம் பதினேழு, நான் ஐந்து. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பன்னிரண்டு மிச்சம் கிடக்கு. அவசரமில்ல, மச்சாள். வாவி வத்தாது. அடுத்த முறை ஓடுவம்" என்றார். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை வரவில்லை. நோய் வந்தது. கடைசியாக அனுப்பிய குரல் செய்தியில் சங்கிலிச் சத்தம் இல்லை. "இண்டைக்குப் பெர்னார் என்னைக் கார்ல ஏத்திக்கொண்டு போனார். அதே ரோட்டு. பாலத்தடியில எல்லாரும் இறங்கி நிண்டாங்க, மச்சாள். நான் ஒருத்திதான் இறங்கேல்ல" என்றார். அதை நான் ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

வரும் மாதம் மூன்றாம் ஞாயிறு, பெர்னாரும் கூட்டாளிகளும் யோகத்தின் ரோட்டில் ஓடப்போகிறார்கள். சிலுவையடியில் எல்லோரும் இறங்குவார்களாம். அன்றைக்கு நீங்களும் உங்கள் வாவியைச் சுற்றி ஓடுவீர்களா என்று குணம் அண்ணன் மூலம் கேட்டார்கள். உங்கள் ஒருவரையும் கேளாமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். தங்கம் அக்கா கேட்டு முகத்தைச் சுளித்தார்.

"செத்த வீட்டுக்காரி சைக்கிள் ஓடுறதா கா? ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். நீங்களும் வாங்க. மிதிக்க ஏலாட்டி என்ர கரியரில இருங்க."

"விழுத்திப்போடுவாய்" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரிதட்டை மறுபடியும் இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

யோகத்திடமிருந்து என்னிடம் இருப்பது கொப்பியில் அந்த ஒரு பக்கம். அவர் பெயருக்குக் கீழே பதினேழு கோயில், என் பெயருக்குக் கீழே ஐந்து. மீதி இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அன்று காலை ஐந்தரைக்கு நம் கோயில் வாசலில் இருந்து புறப்படுவோம். மண்முனைப் பாலத்தோடு திரும்ப நினைப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம், அங்கே என் கணவர் தேத்தண்ணியோடு நிற்பார். நான் திரும்ப மாட்டேன். சைக்கிள் இல்லாதவர்களுக்கு இரவல் கேட்டு வைக்க வேண்டும். வருகிறீர்களா, சைக்கிள் இருக்கிறதா என்று இந்த வியாழக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.