லாரி ஏறும் முன் அப்பா தந்த முத்தம்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு நாலு வயது இருக்கும், அண்ணனுக்கு ஏழு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அப்பாவையும் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில், அவர் அங்கேயே செத்துப்போனார் என்ற சேதி மட்டும் வந்தது.

உடல் இல்லாததால் அவர் சட்டையைப் பலகையில் வைத்துக் காரியம் செய்தார்கள். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார். லாரி ஏறும் முன் அப்பா என்னைத் தூக்கி முத்தம் கொடுத்ததாக அதில் வரும். தோட்டத்துப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்பா தூக்குனாரே, ஞாபகம் இருக்காடி?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்பார்கள். முதலில் சும்மா தலையாட்டினேன். போகப்போக எல்லாமே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. தாடி குத்தியது, சட்டையில் ரப்பர் பால் நாறியது, லாரி உறுமியது. அப்பா என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதை வைத்து நான் அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணனுக்கும் ஒரு ஞாபகம் இருந்தது. பக்கத்திலேயே நின்ற தன்னை அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பிள்ளைகுட்டி பெற்ற பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. அப்பாவுக்குப் படைக்கிற நாளில் வீட்டில் தங்க மாட்டார். "உன்னத்தானே தூக்குனாரு, நீயே கும்பிட்டுக்கோ லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பல வருஷம் கழித்து அண்ணன் இறந்தார். அப்பாவோடு அதே லாரியில் போய் உயிர் தப்பி வந்த ஒரு பெரியவர் ஜித்ராவிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்தார். "அப்பா உன்னையும் ஒரு தடவை தூக்கியிருக்கக் கூடாதா அண்ணே" என்று நான் கதறியதைக் கேட்டு அவர் விழித்தார்.

"யாரும்மா தூக்குனா? பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டிருந்த எடத்துலேருந்தே எங்கள லாரில ஏத்திட்டான். வீட்டுப் பக்கமே விடல. பிள்ளைங்க மொகத்தப் பாக்கலியேன்னு உங்கப்பா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாரு."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பெரிய மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர், "ஒப்பாரின்னா அப்படித்தான்டி பாடுவாங்க. பிள்ளையத் தூக்காமப் போனாருன்னா பாட முடியும்? நீ மடியில இருந்த, உன்ன வச்சுப் பாடுனேன்" என்றார்.

அம்மாவை என்னவென்று திட்டுவது? வீட்டு வாசல் வரை அப்பாவை விட்டிருந்தால் அந்தப் பாவிகளுக்கு என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

நடக்கவில்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த முத்தம் மறையவில்லை. ஆனால் தனக்காக வழியெல்லாம் அழுத மனிதரை, நடக்காத ஒன்றுக்காக வெறுத்துக்கொண்டே என் அண்ணன் போய்ச் சேர்ந்தாரே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவே இல்லை.