திரும்பும்போது மூன்று டிக்கெட்

போகும்போது இரண்டு டிக்கெட், திரும்பும்போது மூன்று. டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் பதிவு செய்தது அப்படித்தான். மூன்றாவது டிக்கெட் என் மகன் விவேக்குக்கு. டாலஸில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, தெற்கு இத்தாலியில் பசிலிகாட்டா என்ற மலைப் பிரதேசத்துக்குப் போய்விட்டான். ஆள் குறைந்துபோன கிராமம் ஒன்றில் ஒரு யூரோவுக்கு ஒரு பாழடைந்த வீட்டை வாங்கி, ஒன்றரை வருஷமாக அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். டிக்கெட் விஷயம் அவனுக்குத் தெரியாது. நேரில் போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவான் என்றாள் என் மனைவி சுமதி. நானும் நம்பித் தொலைத்தேன்.

வியாழன் காலை பத்தரைக்குப் பாரி நகரில் இறங்கினோம். வாடகைக்குக் கிடைத்தது கியர் வண்டி. கோபிசெட்டிபாளையத்தில் அம்பாசடர் ஓட்டியவன்தான் நான். முப்பது வருஷம் ஆட்டோமேட்டிக் ஓட்டியதில் இடது கால் கிளட்சையே மறந்துவிட்டது. ரவுண்டானாவுக்கு ரவுண்டானா வண்டி நின்றது, பின்னால் ஒரே ஹாரன். “ஏனுங்க, பையனைப் பாக்கற வரைக்குமாவது என்னைய உசுரோட வெச்சிருங்க” என்றாள் சுமதி.

நேராகப் போனால் விவேக்கின் ஊருக்கு இரண்டரை மணி நேரம். நான் நேராகப் போகவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று சுமதியிடம் சொன்னேன். உண்மையில் பயம். அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எங்கே போவது?

நாற்பத்தைந்து கிலோமீட்டரில் அல்தமூரா. ரொட்டிக்குப் பேர்போன பழைய ஊர். சந்து முழுக்க விறகடுப்பு வாசனை. கடைக்காரம்மா தலையணை மாதிரி ஒரு ரொட்டியை எடுத்து, முதுகில் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுக் கொடுத்தாள். கிலோ நான்கு யூரோ. மகனுக்கு என்று சுமதி அதைப் புடவைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். கோதுமை விளையும் நாட்டில் இருப்பவனுக்கு ரொட்டி வாங்கிப் போகிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னும் இருபது கிலோமீட்டரில் மத்தேரா. மலைச்சரிவில் குகைமேல் குகையாகக் குடைந்த வீடுகள். போன தலைமுறை வரை ஆடு, கழுதையோடு அதற்குள்ளே குடும்பம் நடத்தினார்களாம். மனிதர் வாழும் இடமா இது என்று அரசாங்கமே வெளியேற்றியிருக்கிறது. இன்று அதே குகையில் ஒரு ராத்திரி படுக்க நூற்றைம்பது யூரோ வாங்குகிறார்கள். நாங்களும் கொடுத்துவிட்டுப் படுத்தோம். சுவர் ஈரம் முதுகுவரை வந்தது.

வெள்ளி காலை ஒன்பதுக்கு க்ராக்கோ. நிலச்சரிவுக்குப் பின் அடியோடு கைவிடப்பட்ட குன்றூர். தலையில் ஹெல்மெட் மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். கோபுரம் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, ஜன்னல்களுக்குள் வானம் தெரிகிறது. இங்கிருந்த ஜனங்கள் எங்கே என்று சுமதி கேட்டாள். சிலர் பள்ளத்தாக்குக்கு, அதற்கு முன்பே நிறையப் பேர் அமெரிக்காவுக்கு என்றாள் வழிகாட்டிப் பெண்.

விவேக்கின் ஊருக்குப் பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உடம்பெல்லாம் சுண்ணாம்போடு சதுக்கத்துக்கு வந்து கட்டிக்கொண்டான். “எளச்சுப் போயிட்டியே கண்ணு” என்று சுமதி கன்னத்தைத் தடவினாள். “ஐ ஆம் ஃபைன், மா.”

வீட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கல் வீடு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க ஆலிவ் மரம். ஆனால் கட்டில் ஒன்றுதான். எங்களுக்குக் கீழ்த்தெருவில் வாடகை அறை எடுத்து, பணமும் கட்டியிருந்தான். மகன் வீட்டுக்குப் போய் லாட்ஜில் தங்கினோம் என்று கோபியில் யாரிடம் சொல்ல முடியும்?

சாயங்காலம் எதிர்வீட்டு டொனாட்டோ வந்தார். எண்பது வயது, மகள் நியூ ஜெர்சியில், ஆகஸ்டில் மட்டும் வருவாளாம். அவரைக் கண்டதும் விவேக் பேச ஆரம்பித்தான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு! கையை ஆட்டுகிறான், கதை சொல்கிறான், கிழவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். எல்லாம் இத்தாலியன். ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் இவனைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோனவன் நான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் வரும். பாவி, எங்களிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறானா! சுமதி மட்டும் ஒன்றும் புரியாமலே அவன் சிரிக்கும்போதெல்லாம் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனி காலை, அவன் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

“வீட்டுக்கு வந்துருடா கண்ணு. உனக்கும் டிக்கெட் போட்டிருக்கேன்.”

“யூ புக்ட் எ டிக்கெட்? என்னைக் கேக்காமயா?”

“உன் ரூம் அப்படியே இருக்குது சாமி” என்றாள் சுமதி. “போன வாரங்கூட பெட்ஷீட் மாத்துனேன்.”

“ஐ நோ, மா. பட் ஐ லிவ் ஹியர்.”

கோபித்துக்கொண்டாலாவது பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவன் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. முப்பது வருஷம் நாங்கள் யாருக்காக ஓடினோம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஞாயிறு காலை கார் வரை வந்தான். டொனாட்டோ ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார். “தேங்க்ஸ் ஃபார் கமிங், பா” என்றான் விவேக். காப்பெலில் பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்தவர்களை வாசலில் நின்று வழியனுப்பும்போது சொல்வோம், அதே வார்த்தை. பாரி போகும் வரை வண்டி ஒரு ரவுண்டானாவில்கூட நிற்கவில்லை.

விமானத்தில் எங்களுக்கு மூன்று இருக்கை, வரிசையாக. நான் ஜன்னலோரம், அவள் நடைபாதையோரம். கோபி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போடுவார்களே, அப்படித் தன் சால்வையை நடு இருக்கையில் விரித்தாள். கூட்டம் ஏறி முடிந்தது. கதவையும் சாத்திவிட்டார்கள். பின்வரிசையில் கால் மடக்க முடியாமல் தவித்த ஒரு நெட்டை மனிதர் எழுந்து வந்து, இந்த இடம் காலிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

சுமதி சால்வைமேல் கையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: “ஆள் வருதுங்க.”