துருப்பிடிக்கும் கை

மொன்றியலில் பத்தொன்பது வருடங்களாகக் கவச வண்டியில் வேலை செய்கிறேன். வங்கிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் காசுப் பைகளை ஏற்றி இறக்குகிற வேலை. இடுப்பில் கம்பனி தந்த கைத்துப்பாக்கி. காலையில் செயின்ட்-மிஷேல் டிப்போவில் கையெழுத்து வைத்து எடுப்பேன், பின்னேரம் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் றோட்டில் ஒருதரமும் அதால் சுட்டதில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அந்தச் சனியன் துருப்பிடித்தே என் உயிரை வாங்கியது.

டிப்போவில் துப்பாக்கிகளைப் பராமரிப்பவர் ஒரு கியூபெக்காரர், அறுபதை நெருங்கிய மனிதர். போன வருடம் மூன்றாம் முறையாக என்னுடையதை விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினார். பிடிக்கு மேலே இருக்கும் இரும்பில், என் விரல் படுகிற இடத்தில் மட்டும், மண்ணிறப் புள்ளிகள்.

"உனக்கு உப்புக் கை," என்றார் பிரெஞ்சில். "சில பேரின்ர வேர்வை அப்பிடித்தான். இரும்பைத் தின்னும்."

நான் என்ன துடைக்காமலா விட்டேன்? ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பனிக்காலத்தில் றோட்டு உப்புப் படாமல் மேலங்கியால் மூடினேன். பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அப்படிச் சொன்னபோது அவர் துப்பாக்கியைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இன்னொருக்கா துரு கண்டா நான் எழுதித்தான் ஆகவேணும். உன்னை வண்டியில இருந்து எடுத்துக் கீழ போடுவினம்."

கீழே என்றால் நிலத்துக்கடியில், நோட்டு எண்ணும் அறை. யன்னல் இல்லை. கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். பதின்மூன்று வயதில், ஊரில் சண்டை நடந்தபோது, நான் பங்கர் குழிக்குள் இருந்தவன். மேலே விமானம் சுற்றும், உள்ளே ஒன்பது பேர் மூச்சு விடுவோம். இன்றைக்கும் டவுன்டவுனில் லிஃப்டில் ஏறினால் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். கீழே மட்டும் போடவேண்டாம் என்று அவரைக் கெஞ்சினேன்.

கிழவன் இரக்கம் உள்ளவர். கம்பனி ஒருமுறை பூச்சு மாற்றித் தரும், எது வேண்டுமென்று நீயே சொல் என்று மூன்று இரும்புத் துண்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று குரோம் முலாம். நல்ல கெட்டி, ஆனால் மின்னும், எங்காவது உரிந்தால் அடியால் துரு ஊரும். மற்றது பெயின்ட் மாதிரித் தெளித்துச் சூளையில் சுடுவது. வியர்வைக்கும் உப்புக்கும் அசையாது, ஆனால் நாள் முழுக்க உறையில் போட்டு எடுத்தால் ஓரம் தேயும். மூன்றாவது, இரும்பை உருகிய உப்பிலேயே தோய்த்து எடுப்பது. மேலே பூச்சென்று ஒன்றும் இல்லை. இரும்பின் தோலே இறுகிக் கறுத்துவிடும்.

அந்த மூன்று துண்டையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் யோசித்தேன். யன்னலடியில் வைத்துப் பார்த்தேன், நகத்தால் சுரண்டினேன்.

"என்ர கலியாணக் கூறை எடுக்கேக்கை கூட அரை மணித்தியாலம்தான் கடையில நிண்டனீங்கள்," என்றாள் மனைவி.

"கூறை துருப்பிடிக்காதப்பா," என்றேன்.

உரிவதற்கு ஒன்றுமே இல்லாததுதான் எனக்குப் பிடித்தது. உப்பில் தோய்த்ததையே தெரிந்தெடுத்தேன். சில கிழமைகளில் திரும்பி வந்தது, புதுத் தாச்சிச் சட்டி மாதிரிக் கறுப்பாக. அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இரண்டு மாதம் போகவில்லை. அதே இடத்தில் கறுப்பு வெளிறி, நடுவே புள்ளிகள். கிழவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"இது வேர்வை செய்யிற வேலை இல்லை. கையில என்ன பூசுறாய்?"

"ஒண்டுமில்லை," என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த முறையும் எழுதாமல் அவர் தானே தேய்த்துத் துடைத்துத் தந்தார். "இரண்டு கிழமையில சோதனை. அதுக்குள்ள புள்ளி வந்தா என்னாலயும் ஒண்டும் செய்யேலாது."

அந்தச் சனிக்கிழமை குசினியிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். "இஞ்சருங்கோ, தேசிக்காய் வெட்டினாக் கத்தியைக் கழுவி வைக்கத் தெரியாதோ? பாருங்கோ, கத்தி அரிச்சுப் போச்சு!"

இரும்புக் கத்தி. எலுமிச்சைப் புளி காய்ந்த அலகில் மண்ணிறப் புள்ளிகள். எனக்கு நன்றாகத் தெரிந்த புள்ளிகள். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

மத்தியானம் வண்டிக்குள்தான் சாப்பாடு. புட்டும் மீன்குழம்பும், கையால்தான் சாப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு வந்த ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, நடு ஜனவரியில் காற்றாடியை முழுதாகத் திருப்பிவிட்டான். வண்டியில் தண்ணீர்க் குழாயும் இல்லை, அதன் யன்னல் திறக்கவும் திறக்காது. அடுத்த நாளிலிருந்து அரைத் தேசிக்காயைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோகத் தொடங்கினேன். சாப்பிட்டதும் விரல்களில் தேய்த்துத் துடைப்பேன். மீன் சாப்பிட்டால் எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதானே. பிறகு அடுத்த வங்கி வாசலில் இறங்கும்போது அந்தக் கை தானாகத் துப்பாக்கியில் போய் நிற்கும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைத் தேசிக்காய் போட்டு மினுக்குகிறவனே நான்தான். கறையைத் தின்னும் புளி இரும்பைத் தின்னாதா? மடையன், மடையன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"கண்டறியாத பூச்சுக்கு மூண்டு நாள் யோசிச்சியள்," என்றாள் மனைவி. "கரண்டியால சாப்பிட்டா என்ன?"

"கரண்டியால முள்ளு எடுக்கேலாதப்பா."

திங்கட்கிழமை தேசிக்காய் இல்லாமல் போனேன். இப்போது என்னோடு வண்டி ஓட்டுபவன் ஹெயிட்டிக்காரன், எட்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறான். பகிடிக்காரன், ஆனால் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பிட்டு முடித்துப் போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினேன். மணம் போகவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"குறை நினைக்காதை," என்றேன். "இண்டைக்குத் தேசிக்காய் இல்லை. மீன் மணக்கும்."

அவன் சிரித்தான். "அதுக்கோ தேய்க்கிறனி? நான் ஏதோ உங்கட சமய முறையாக்கும் எண்டு பேசாமல் இருந்தன். என்ர அம்மா மீன் கழுவுறதே தேசிக்காயிலதான். எட்டு வருசமா நீ பெட்டியைத் திறக்கேக்கை எல்லாம் எனக்கு வயிறு கூவும். ஒரு வாய் வேணுமோ எண்டு ஒருநாள் கேட்டியா?"

மூக்கைப் பொத்தியவன் வேலையை விட்டு அல்பேர்ட்டாவுக்குப் போய்ப் பதினொரு வருடம். அவனுக்காகத்தான் நான் தினமும் கையைத் தேய்த்து இரும்பை அரிக்கவிட்டிருக்கிறேன். பக்கத்திலேயே ஒருவன் பசியோடு இருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

சோதனை நாளில் கிழவன் துப்பாக்கியை விளக்குக்குக் கீழே நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியோ, நல்ல பூச்சாத்தான் எடுத்திருக்கிறாய்," என்று தோளில் தட்டினார். "பழகக் கொஞ்ச நாள் எடுத்திருக்கு."

விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்து வெளியே வந்தேன். வண்டிக்குள் ஹெயிட்டிக்காரன், எங்கள் இருவருக்கும் என் மனைவி கட்டித்தந்த இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். மணி எட்டரைகூட ஆகவில்லை, ஒன்றைத் திறந்துவிட்டிருந்தான்.