இடது கை ரொட்டி

மலேசிய மலைப் பகுதியில், ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறும் சாலையில், தேயிலைத் தோட்டத்துக்குள் வழி பிரியும் இடத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ரொட்டி சானாய் போடுவது நான். தேநீர் ஆற்றுவதும் கல்லாவைப் பார்ப்பதும் என் மனைவி. மாவு உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் பிடித்துக் காற்றில் வீசி, துணி போல மெலிந்ததும் மடித்துக் கல்லில் போட வேண்டும். இரண்டு கையும் பிடிக்கும். வீசுவது ஒரு கைதான். மீசை முளைக்கும் முன்பே கற்றது. அதற்குப் பிறகு எப்படிச் செய்கிறேன் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் வலது தோள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. முதலில் சட்டை மாட்டும்போது வலித்தது. பிறகு தலை வார முடியவில்லை. ஒருநாள் காலை வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது, வீச எடுத்த கை நெஞ்சுக்கு மேலே போகவே இல்லை. மாவு பலகையில் சுருண்டு விழுந்தது.

தோள் மூட்டு இறுகிவிட்டது, சரியாக மாதக்கணக்காகும் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லி, உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சி கொடுத்தது கீழே ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார். ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்.

"வலி தோள்லதானேம்மா? கால் எதுக்கு?"

"நாள் பூரா நின்னுக்கிட்டுத்தானே வேலை செய்றீங்க அங்கிள். எப்படி நிக்கிறீங்கன்னு பாக்கணும்."

வலது காலில் கல் மாதிரி நின்றேன். இடது காலுக்கு மாறியதும் ஆட்டம் கண்டு சுவரைப் பிடித்தேன்.

"என் இடது பக்கமே மக்கும்மா. பொறந்ததிலேருந்து அப்படித்தான்."

"அதுக்கு இதுவரைக்கும் ஏதாச்சும் வேலை குடுத்திருக்கீங்களா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது என் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பையைத் தூக்கியிருக்கிறது, குழந்தைகளைப் பிடித்திருக்கிறது. தானாக முன்னே வந்து ஒரு காரியத்தை எடுத்துச் செய்ய அதை நான் விட்டதே இல்லை.

"கை சரியாகுற வரைக்கும் ரொட்டிய நிறுத்திட்டு நாசி லெமாக் சோறு மட்டும் போடுவோமா?" என்று மனைவி கேட்டார்.

"இடது கையில வீசிப் பாக்குறேன்."

"வருமா?"

"தெரியல. வராதுன்னும் தெரியலல்ல?"

முதல் ரொட்டி கிழிந்தது. அடுத்தது முகத்தில் வந்து ஒட்டியது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லோரி டிரைவர் ஒருவர் எங்கள் கடையில்தான் பசியாறுவார். பழைய வாடிக்கையாளர். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"பாய், இது ரொட்டியா, மலேசியா மேப்பா?"

"கடல் தாண்டி இருக்குற சபா, சரவாக்கும் தனியா வந்துருக்கு. சாப்பிடுறியா?"

"குடு லா. பருப்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

தினமும் வந்து அந்தக் கிழிசலைத்தான் கேட்டு வாங்கினார். எனக்கோ அதற்குள் வேறொரு ஆவல் பிடித்துக்கொண்டது. ரொட்டி ஏன் எப்போதும் ஒரே இடத்தில், கட்டை விரலுக்குப் பக்கத்தில், கிழிகிறது? விரலைத் தளர்த்தினேன். எண்ணெயைக் கூட்டினேன். மாவை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டேன். கிழிசல் சின்னதானது, போகவில்லை. எரிச்சல் வர வேண்டிய நேரத்தில், அடுத்து எதை மாற்றலாம் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் பழகிய தொழிலில் எனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறதா என்று வியப்பாக இருந்தது.

ஒருநாள் காலை தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்.

"ஏங்க, கையத்தான் மாத்தியிருக்கீங்க. கால் பழைய மாதிரியேதான் நிக்குது."

குனிந்து பார்த்தேன். வலது கையில் வீசிய நாட்களில் நின்ற அதே நிலை. இடது கை வீசும்போது உடம்பு அதோடு திரும்ப இடமில்லாமல் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கால்களை மாற்றி வைத்தேன். எடை ஏறியதும் இடது கால் நடுங்கியது. பயிற்சி அறையில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதும், தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கும்போதும் இடது காலில் நின்றேன். காலை உணவுக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் என்னைக் கொக்கு என்றார்கள்.

கிழியாத ரொட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு ஓரம் தடித்திருந்தது. டிரைவருக்குக் கொடுத்தபோது, "கிழிஞ்சது இல்லையா?" என்று கேட்டு முகம் வாடினார்.

அதற்கு அடுத்த வாரம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்த நேரத்தில் மனைவி ஒரு மாவு உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, "எனக்கு அதெல்லாம் வராது" என்று மாவுப் பக்கமே வராதவர்.

"நீங்க தடுமாறுறதத்தான் தினம் பாக்குறேனே" என்றார். "முன்னெல்லாம் நீங்க வீசுனா ஒண்ணுமே புரியாது. இப்ப மெதுவா செய்றீங்களா, எப்படின்னு தெரியுது."

அவர் வீசியது அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு தினமும் மதியத்தில் பலகையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். ஒருவர் தவறை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டோம். மணிக்கட்டைத் திருப்பும் விதத்தை அவர் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். எப்படி என்று கேட்டால், துணி உதறுகிற மாதிரிதானே என்கிறார். அந்த மாதிரி எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

என் தோள் இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது. மேல் தட்டிலிருக்கும் சர்க்கரை டின்னை எடுக்க முடிகிறது. முதுகுக்குப் பின்னால் கை இன்னும் போகவில்லை. கூட்டம் அதிகமானால் வலது கையில் வீசுகிறேன், மற்ற நேரம் இடது கையில். ரப்பர் பட்டையை விடவில்லை.

கடை அடைத்த பிறகு இருவரும் நடக்கத் தொடங்கியிருக்கிறோம். எதிரே தோட்டத்துக்குள் ஏறும் மண் சாலையை இத்தனை வருடம் கடையிலிருந்து பார்த்தோமே தவிர, மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்ததில்லை. முதல்நாள் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பினோம். நேற்று உச்சிக்கே போய்விட்டோம். அந்தப் பக்கமும் தேயிலைதான். ஒரு தண்ணீர்த் தொட்டி, பலமான காற்று. சாலை அங்கே இரண்டாகப் பிரிகிறது. மனைவி இடுப்பில் கை வைத்து நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குக் கீழ இறங்குற வழியில போலாம்" என்றார். "அது எங்க போகுதுன்னு பாக்கணும்."