ஒண்ணரை மணிக்கூர்!

ஒரே ஒரு வார்த்தையில் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது!

நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் வலியசாலையில். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

கவிதா இங்கே என் ஆபீஸில் வேலை பார்க்கும் சென்னைப் பெண். இரண்டு வருடம் பேசிப் பேசி (நான் அவளிடம், அவள் அவளுடைய அப்பாவிடம்) கடைசியில் அவர், "பையனை நேர்ல பார்த்துட்டுதான் முடிவு சொல்லுவேன்" என்று இறங்கி வந்தார்.

ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். கடிகாரத்தில் கறார். பஞ்சாங்கத்தில் அதைவிடக் கறார்!

வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். காலை பத்தரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குச் சென்னை.

அன்று மாலையே அவர் போன் செய்தார்.

"தம்பி, ரயில்ல ஒரு ராத்திரி முழுக்க ஆகும். பிளைட் எப்படி?"

"ஆகாச வழி அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் அங்கிள். ஒண்ணரை மணிக்கூர்!"

அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரளும் சத்தம்.

"ஒண்ணரையா? வியாழக்கிழமை அது ராகு காலம்ல?"

மனிதர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ராகு காலமும் ஒன்றரை மணி நேரம்தானே!

"அதே அங்கிள்! கரெக்டா ஒரு ராகு காலம்! ஹஹ்ஹா!"

"தெரிஞ்சேதான் வர்றீங்களா?"

"பின்னே! நான்தானே பார்த்து புக் பண்ணினேன்!"

போன் கட்.

பத்து நிமிடத்தில் கவிதா லைனில் வந்தாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லித் தொலைச்ச? ராகு காலம் பார்த்துதான் எங்க வீட்டுல கால் வைப்பேன்னியாமே! இந்தச் சம்பந்தமே வேணாங்கிறாரு!"

"அய்யோ, எவ்வளவு நேரம்னு கேட்டாரு, ஒண்ணரை மணிக்கூர்னு சொன்னேன்!"

"அட லூசு! அவர் காதுல 'ஒண்ணரை மணிக்கு ஊர்'னு விழுந்திருக்கு!"

(எங்கள் ஊரில் மணிக்கூர் என்றால் மணி நேரம். அது மலையாளம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்!)

அவள் விளக்கிச் சொன்னபிறகு கொஞ்சம் சமாதானம் ஆனாராம். பன்னிரண்டுக்கு அவரே ஏர்போர்ட் வருவதாகவும் ஏற்பாடு.

வியாழக்கிழமை. சென்னையில் மழையாம். இங்கே கிளம்பவே பன்னிரண்டாகிவிட்டது.

தரை இறங்கியபோது மணி என்ன தெரியுமா?

ஒண்ணரை! கரெக்டாக ஒண்ணரை!

வெளியே வந்தேன். பன்னிரண்டிலிருந்தே காத்திருந்தவர், வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சொன்னபடியே ஒண்ணரை மணிக்கு ஊர் வந்துட்டீங்களே தம்பி!"

"மழை அங்கிள்..." என்று இழுத்தேன்.

"மூணு மணிவரைக்கும் வீட்டுப் பக்கம் போக வேணாம். வாங்க, காபி சாப்பிடுவோம்."

அறுநூறு கிலோமீட்டரைத் தாண்டிய அதே ஒன்றரை மணி நேரம், அந்தக் காபிக் கடையில் நகரவே இல்லை. வேலை, வீடு, சம்பளம் எல்லாம் கேட்டார். கேட்காததையும் நானே சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க போனை வெச்சதும் ரொம்பப் பயந்துட்டேன் அங்கிள். கவிதா இல்லாம எனக்கு முடியாது."

அவர் கப்பைக் காலி செய்தார்.

சரியாக மூன்றுக்கு எழுந்தார். என் பையை அவரே எடுத்துக்கொண்டார்.

"தை மாசம் ஒரு முகூர்த்தம் பார்த்து வெச்சிருக்கேன். ஒன்பதுலேருந்து பத்தரை. அது எத்தனை மணிக்கூர்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க, மாப்பிள்ளை!"